ஹெரால்டு காரின் பானட்டைக் கழற்றி மாட்டுவது எப்படி?

சுவரேட்டுக்கு ஒரு அறிவியல் கட்டுரை வேண்டும் என்று தமிழ் ஐயா கேட்டார். ராக்கெட் பற்றியும் எரிமலை பற்றியும் போன தடவையே எழுதிவிட்டார்கள். அதனால் முழுப்பரீட்சை லீவில் அப்புச்சி ஊரில் என் கையால் செய்த ஒரு வேலையை எழுதுகிறேன். இதில் பாதி இயற்பியல், பாதி கிரீஸ்.

முதலில் ஒரு சொல் தகராறு. என்ஜினை மூடியிருக்கும் தகட்டை நாம் பானட் என்கிறோம். அமெரிக்காக்காரர்கள் அதையே ஹூட் என்கிறார்கள். இங்கிலாந்தில் போய் ஹூட் என்று சொன்னால், ஸ்போர்ட்ஸ் கார்களில் மடக்கி வைக்கும் துணிக்கூரையைக் காட்டுவார்கள். கம்ப்யூட்டரில் தேடும்போது இந்தக் குழப்பத்தால் எனக்கு அரை நாள் போயிற்று. இங்கே பானட் என்றே எழுதுகிறேன். கோயமுத்தூர் பட்டறைகளில் வேறு பேர் சொன்னால் யாருக்கும் புரியாது.

அப்புச்சியிடம் இருப்பது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பெரிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றும் இல்லை, நாலு பேர் போகும் குடும்பக் கார்தான். ஆனால் பானட் மட்டும் அசல் ஸ்போர்ட்ஸ் கார் பானட்! அம்பாசடரில் மூடியை முன்னால் இருந்து தூக்குவோம், கீல் கண்ணாடிப் பக்கம் இருக்கும். ஹெரால்டில் எல்லாம் தலைகீழ். கீல் மூக்குப் பக்கம், தூக்குவது கண்ணாடிப் பக்கம். மூடி மட்டும் வராது. இரண்டு மட்காடு, ஹெட்லைட், மூக்கு எல்லாம் ஒரே துண்டாக முன்னால் சாயும். முதலை வாயைப் பிளப்பதுபோல் என்று சொல்லலாம், ஆனால் முதலை பின்பக்கமாக வாயைத் திறக்க வேண்டும். திறந்துவிட்டால் என்ஜின், முன்சக்கரம், ஸ்பிரிங் எல்லாம் வெட்டவெளியில் தெரியும். டயர் மேலேயே உட்கார்ந்து கார்புரேட்டர் பார்க்கலாம்.

இந்தக் கார் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் 1959-இல் வந்தது. வடிவமைத்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். 1961-இல் இருந்து நம் மாநிலத்திலேயே, சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூர் பகுதியில், ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி தயாரித்தது. என்ஜின் 948 சி.சி. தான். முதலில் இரண்டு கதவு, பிறகு மார்க் 3 என்று நாலு கதவு வைத்தும் செய்தார்கள். 1970களின் தொடக்கத்தில் ஹெரால்டை நிறுத்திவிட்டு கெஸல் என்ற காருக்குப் போனார்கள். அந்தக் கம்பெனியே இப்போது இல்லை. ஆகவே இந்த பானட் நசுங்கினால் புதுசு வாங்க ஷோரூம் கிடையாது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஏன் முன்பகுதி முழுவதும் ஒரே துண்டாக வருகிறது? இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. இங்கிலாந்துக் கம்பெனிக்குப் பாடி செய்து கொடுத்துவந்த தொழிற்சாலையை 1953-இல் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. முழு பாடியையும் ஒரே கூடாகச் செய்து தர ஆள் இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? அடியில் லாரிக்கு இருப்பதுபோல் தனிச் சேஸிஸ் போட்டு, பாடியைத் துண்டு துண்டாக வேறு வேறு இடங்களில் செய்து, போல்ட் போட்டு முடுக்கினார்கள். அந்தத் துண்டுகளில் ஒன்றுதான் இந்த பானட். அதே சேஸிஸை மாற்றிக் குட்டையாக்கி 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் செய்தார்கள். 1966-இல் ஜி.டி.6. அவற்றிலும் இதே மாதிரி முன்னால் சாயும் பானட். 1961-இல் வந்த ஜாகுவார் ஈ-டைப்புக்கும் அப்படித்தான். அதனால் ஹெரால்டு பானட்டைக் கழற்றத் தெரிந்தவனுக்கு அந்த ஸ்போர்ட்ஸ் கார்களின் பானட்டும் பாதி தெரிந்த மாதிரி. (அவிநாசி ரோட்டில் ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் கார் மியூசியம் 2015-இல் திறந்தார்கள். போனால் வண்டியின் கலரை மட்டும் பார்க்காமல் ஒவ்வொன்றுக்கும் கீல் எங்கே என்று பாருங்கள். நேரம் போவதே தெரியாது.)

சரி, நாங்கள் ஏன் கழற்றினோம்? சில வருஷம் முன்பு வண்டிக்குப் பெயிண்ட் அடிக்க ஒரு பட்டறையில் விட்டிருந்தார்கள். பெயிண்ட் அருமையாக இருந்தது. பானட்டை மாட்டினதுதான் கோணல். டிரைவர் பக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அதன் முன்விளிம்பு பானட்டில் உரசி, புதுப் பெயிண்ட் உரிந்து, தகடு தெரிய ஆரம்பித்தது. இடது பக்கக் கொக்கி பூட்டவே இல்லை. அப்புச்சி சணல் கயிற்றால் கட்டித்தான் ஓட்டினார். மாமாவுக்குக் கோபம். "இதைக் கட்டீட்டு ரோட்ல போறதுக்கு உக்கடத்துல பழைய இரும்புக்குப் போட்டர்லாம்" என்று சொல்லிவிட்டார். விலை கேட்டு ஒருத்தர் வந்தும் பார்த்துவிட்டுப் போனார். அப்புச்சி ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் பக்கத்து ஊர் டிங்கர் அண்ணனைக் கூட்டிவந்தார். அண்ணன் பானட்டைச் சுற்றிச் சுற்றி வந்து, விரலை இடுக்கில் விட்டுப் பார்த்து, "தகட்டுல ஒண்ணும் குத்தமில்லீங்கையா, மாட்டுனதுலதான் குத்தம். கழட்டிப் புதுசா மாட்டோணும்" என்றார். உதவிக்கு நானும் மாமாவும். மாமா முகத்தைத் தூக்கிக்கொண்டேதான் வந்தார்.

இனி வேலை.

இடமும் நேரமும்தான் முதலில். அது மே கடைசி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆரம்பித்துவிட்டது. அந்தக் காற்று என்ன பண்ணும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வண்டி ஓடும்போது காற்று முன்னால் இருந்து அடிப்பதால் இந்த பானட்டை அமுக்கத்தான் செய்யும், அது முன்கீலின் நன்மை. (பின்கீல் வைத்த கார்களில் கொக்கி விட்டுப்போனால் மூடி எகிறிக் கண்ணாடியை மறைத்துவிடும்.) ஆனால் நிறுத்தித் திறந்து வைத்தால் கதை வேறு. அவ்வளவு பெரிய தகடு பாய்மரம் மாதிரி நிற்கும். அதனால் விடிகாலை ஆறு மணிக்கு, காற்று எழும்புவதற்கு முன்னால், கிடங்குக்குள் சமதரையில் வைத்துத்தான் தொட்டோம். சக்கரத்துக்கு நாலு பக்கமும் கல்.

முந்தின நாள் சாயங்காலமே போல்ட்டுகளுக்கு டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து விட்டு ஊறப் போட்டிருந்தோம். இங்கே ஸ்பேனர் விஷயம் ஒன்று. இந்தக் கார் இஞ்ச் கணக்கு. அரை இஞ்ச் என்றால் 12.7 மி.மீ. நம் வீட்டு செட்டில் இருக்கும் 13 நம்பர் ஸ்பேனர் அதில் உள்ளே போய்விடும், பொருந்தின மாதிரியே இருக்கும். ஆனால் 0.3 மி.மீ. ஆட்டம் உண்டு. துருப்பிடித்த போல்ட்டில் வலு கொடுத்தால் ஆறு மூலையும் மழுங்கி, போல்ட் தலை கோலிக்குண்டு ஆகிவிடும். 7/16 இஞ்ச் என்பது 11.11 மி.மீ. அதற்கு 11 நம்பர் ஸ்பேனர் உள்ளேயே போகாது. பரவாயில்லை, போகாதது ஆபத்தில்லை. போவதுதான் ஆபத்து. நான் 13 நம்பரை எடுத்துக்கொண்டு போய் அண்ணனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அடுத்தது அளவு எடுப்பது. கழற்றும் அவசரத்தில் எல்லாரும் விடுவது இதைத்தான். டிங்கர் அண்ணன் மில்லிமீட்டர் சொல்வதில்லை, நூல் கணக்கு. எட்டு நூல் ஒரு இஞ்ச், அதாவது ஒரு நூல் சுமார் 3 மி.மீ. பானட்டுக்கும் கதவுக்கும் நடுவே உள்ள கேப்பை மேலே, நடுவில், கீழே என்று பக்கத்துக்கு மூன்று இடத்தில் பார்த்து நோட்டில் எழுதினேன். இடது பக்கம் மூன்று நூல். வலது பக்கம் மேலே ஒரு நூல், கீழே ஒன்றுமே இல்லை, ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு கீலைப் பிடித்திருக்கும் போல்ட், வாஷர் இவற்றைச் சுற்றி ஆணி முனையால் கோடு கீறினோம். கோணலாக மாட்டினதற்கு எதற்கு அடையாளம் என்று கேட்டேன். "தப்பு எங்க இருக்குதுன்னு தெரிஞ்சாத்தானே கண்ணு, எந்தப் பக்கம் நகத்தறதுன்னு தெரியும்" என்றார். கணக்கு டீச்சர் தப்பான விடையை அடிக்காமல் வைத்துப் பார்க்கச் சொல்வது ஞாபகம் வந்தது.

பிறகு பேட்டரி. ஹெட்லைட், இண்டிகேட்டர் எல்லாம் பானட்டிலேயே இருப்பதால் ஒயர்கள் பாடியில் இருந்து பானட்டுக்குப் போகின்றன. அவற்றை எடுக்கும் முன் பேட்டரியைக் கழற்ற வேண்டும். இதில் எந்தக் கம்பியை முதலில்? பாடியில் இணைத்திருக்கும் கம்பியை. காரணம் எளிது. பாடிக்குப் போகாத முனையை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்டால் பேட்டரியின் இரண்டு முனையும் நேராகச் சேர்ந்து பொறி பறக்கும். பாடிக் கம்பியை முதலில் எடுத்துவிட்டால் சுற்று அறுந்துவிடும், பிறகு பட்டாலும் ஒன்றும் ஆகாது. இன்றைய கார்களில் பாடியில் இருப்பது நெகட்டிவ். பழைய இங்கிலீஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ்! அதனால் நிறத்தையோ குறியையோ நம்பாமல், கம்பி எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

ஒயர்களுக்கு லூகாஸ் கம்பெனி வைத்த நிற முறை உண்டு. நீலத்தில் வெள்ளைக்கோடு பெரிய வெளிச்சம், நீலத்தில் சிவப்புக்கோடு டிம், வெறும் சிவப்பு பார்க்கிங் லைட், பச்சையில் சிவப்புக்கோடு இடது இண்டிகேட்டர், பச்சையில் வெள்ளைக்கோடு வலது, கறுப்பு எர்த். படிக்க நன்றாக இருக்கிறது அல்லவா? ஐம்பது வருஷ அழுக்கில் பச்சையும் நீலமும் ஒன்றாகத்தான் தெரிந்தன. ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டி நம்பர் எழுதினேன்.

இனிதான் தூக்குவது. பக்கத்துக்கு ஒரு கொக்கியாக வெளியே இருக்கும் இரண்டையும் விடுவித்து, பானட்டை முன்னால் சாய்த்தோம். அதைப் பிடித்து நிறுத்துவது ஒரு தாங்கு கம்பி. அதைக் கழற்றின நிமிஷத்தில் இருந்து பானட்டை நிறுத்துவது நம் கைகள்தான், அதனால் பிடித்தவர் மூக்கு அரித்தாலும் கையை எடுக்கக் கூடாது. அப்புச்சி ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம் பிடிக்க, டிங்கர் அண்ணன் கீழே குனிந்து கீல் போல்ட்டுகளை எடுத்தார். முதலில் ஒரு பக்கம் முழுவதும் எடுத்துவிட்டு அடுத்த பக்கம் போகக் கூடாது. ஒரே கீலில் பாரம் நின்றால் தகடு முறுக்கிக்கொள்ளும். இரண்டு பக்கமும் தளர்த்திவிட்டு, "எடுக்கட்டுமா?" "எடு" என்று சொல்லிக்கொண்டு ஒரே நேரத்தில் உருவ வேண்டும். விரல் கீலுக்கும் தகட்டுக்கும் நடுவே இருக்கக் கூடாது. போல்ட் வந்த கணத்தில் பானட் கொஞ்சம் இறங்கும், அந்தக் கொஞ்சம் போதும் விரலுக்கு.

இரண்டு ஆள் தூக்கலாம். பாரம் பெரிதில்லை. அகலம்தான் பெரிது, பிடிக்க வாகான இடமும் கிடையாது. மூன்றாவது ஆளாக நான் நடுவில் மூக்கைத் தாங்கினேன். (செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடும் ஃபார்முலா கார்களுக்கு மூக்கு ஃபைபரில் இருக்கும், சுலபமாகத் தூக்கிவிடலாம். இது இரும்புத் தகடு.)

கழற்றியதை எங்கே வைப்பது? தரையில் செங்குத்தாக வைத்தால் கீழ்விளிம்பு வளையும். மூக்குக் குப்புற வைத்தால் ஹெட்லைட் வளையம் போகும். அம்மாயியின் கயிற்றுக் கட்டிலில் பழைய சாக்குகளை விரித்து அதன்மேல் படுக்க வைத்தோம். கயிறு பானட்டின் வளைவுக்குத் தகுந்தாற்போல் தானாகவே குழிந்து தாங்கியது. இதைவிட நல்ல ஸ்டாண்டு எந்தப் பட்டறையிலும் இருக்காது. அம்மாயிதான் மூன்று நாள் திண்ணையில் தூங்க வேண்டியதாயிற்று.

கழற்றின பிறகு கோணலின் காரணம் பளிச்சென்று தெரிந்தது. நாங்கள் கீறின கோடுகளின்படி வலது கீல் இடது கீலைவிட இரண்டு நூல் பின்னால் தள்ளி முடுக்கப்பட்டிருந்தது. பானட்டின் பின்மூலைகள் உட்காரும் இடத்தில் கூம்பு வடிவ ரப்பர்கள் இருக்க வேண்டும். மூடும்போது பானட் அந்தக் கூம்பில் வழுக்கி நடுவுக்கு வந்து உட்காரும். வலது பக்கக் கூம்பு தேய்ந்து பாதியாக இருந்தது. இடது பக்கம் கூம்பே இல்லை! கொக்கி பூட்டாததற்கு அதுதான் காரணம். கொக்கி என்பது இழுத்துப் பூட்டுகிற அமைப்பு, எதிர்த்து நிற்க ஏதாவது இருந்தால்தான் இறுகும். பழைய லாரி மட்காடு ரப்பர் கட்டையைச் செதுக்கி இரண்டு கூம்பு செய்தார் அண்ணன். அது ஒரு முழு நாள் வேலை.

மாட்டுவதுதான் கழற்றுவதைவிட மூன்று மடங்கு வேலை. ஏன் என்று சொல்கிறேன். சுவரில் ஒரு படத்தை இரண்டு ஆணியில் மாட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆணியைக் கொஞ்சம் இறக்கினால் படத்தின் எல்லா மூலையும் நகரும். பானட்டும் அப்படித்தான். வலது கீலை மட்டும் ஒரு நூல் பின்னால் தள்ளினால் வலது பக்கம் மட்டும் பின்னால் போகாது. பானட் முழுவதுமே கொஞ்சம் திரும்பி, அதன் பின்முனை பக்கவாட்டிலும் நகரும். கீல்களுக்கு நடுவே உள்ள தூரம் குறைவு, பானட்டின் நீளம் அதிகம். அதனால் மூக்கில் ஒரு நூல் நகர்த்தினால் கண்ணாடிப் பக்கம் அதற்கும் மேலாகவே நகரும். நெம்புகோல் பாடத்தில் படித்ததுதான். ஆக, தப்பு தெரிவது கதவோரம், திருத்த வேண்டியது மூக்கில்.

அண்ணன் செய்த வரிசை இது. கதவுகளைச் சாத்தி, கதவே நேராக இருக்கிறதா என்று முதலில் பார்த்தார். பாடியே துண்டு துண்டாகச் சேஸிஸில் முடுக்கினது அல்லவா, கதவு இறங்கியிருந்தால் அதற்குத் தகுந்தாற்போல் பானட்டைக் கோணலாக்கிவிடுவோம். கதவு சரியாக இருந்தது. பிறகு பானட்டைத் தூக்கி வைத்து கீல் போல்ட்டுகளைக் கையால் மட்டும் முடுக்கினார். இரண்டு கீலையும் வேண்டுமென்றே முன்பக்கம் தள்ளி வைத்தார். ஏனென்றால் முதல் தடவை மூடும்போது கேப்பு அதிகமாக இருந்தால் அசிங்கமாக மட்டும்தான் இருக்கும். குறைவாக இருந்தால் பின்விளிம்பு இடித்துப் பெயிண்ட் போகும். விளிம்பு முழுக்க இரண்டு மடிப்பு மாஸ்கிங் டேப்பும் ஒட்டியிருந்தோம்.

மூடினோம். திறந்தோம். அரை நூல் பின்னால். மூடினோம். திறந்தோம். மேலே சரி, கீழே விரிந்தது, அதனால் மூக்கைக் கொஞ்சம் இறக்கினோம். இப்படி எத்தனை தடவை என்று எண்ண ஆரம்பித்து 19-க்குப் பிறகு விட்டுவிட்டேன். முன்பின் தூரம், உயரம் இரண்டும் சரியான பிறகுதான் கூம்பு ரப்பரைத் தொட்டார். கூம்பு சரியான பிறகுதான் கொக்கி. இந்த வரிசை மாறினால், கொக்கியின் இழுப்பால் கோணல் மறைந்துகொள்ளும், ரோட்டில் பள்ளத்தில் விழும்போது வெளியே வரும். முன்பு நடந்திருப்பதும் அதுதான் போலிருக்கிறது.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். மாமா, காலையில் முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தவர், இப்போது குனிந்து ஒரு கண்ணை மூடிக் கேப்பைப் பார்த்துக்கொண்டே, "இன்னொரு கால் நூல் இக்கட்டால வரோணுங்ண்ணா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்! கடைசியில் போல்ட்டுகளை ஸ்பேனரால் இறுக்கினோம். அதையும் ஒரே மூச்சில் இறுக்கக் கூடாது, இடது கொஞ்சம் வலது கொஞ்சம். இறுக்கும்போதே கீல் நகரும். ஒயர்களை நம்பர்படி சேர்த்து, பேட்டரியில் இந்த முறை பாடிக் கம்பியைக் கடைசியாக மாட்டி, ஒவ்வொரு விளக்காகப் போட்டுப் பார்த்தோம். இடது இண்டிகேட்டர் போட்டால் வலது எரிந்தது. அது என் பிளாஸ்திரித் தப்பு. 4-ஐ 9 போல எழுதியிருக்கிறேன்.

நோட்டில் உள்ள கடைசி அளவு: இடது பக்கம் மூன்று இடத்திலும் ஒன்றரை நூல். வலது பக்கம் மேலே, நடுவில் ஒன்றரை, கீழே இரண்டு. அந்தக் கீழ் அரை நூல் எங்களுக்கு அடங்கவில்லை. டிங்கர் அண்ணன் மறுபடி கழற்றலாம் என்றார். அப்புச்சி சணல் கயிற்றைச் சுருட்டிக் கிடங்கு ஆணியில் மாட்டிவிட்டு, கதவைத் திறந்து மூடித் திறந்து பார்த்தார். உரசவில்லை. "போதும் அப்புனு, அது இருக்கட்டும்" என்றார். மாமாதான் சாவியை எடுத்துக்கொண்டு டீ வாங்க ஹெரால்டிலேயே போனார்.

பழைய கார் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் யாராவது இதைச் செய்து பார்ப்பதானால், பெரியவர்கள் இருவர் இல்லாமல் தாங்கு கம்பியில் கை வைக்காதீர்கள். நூல் கணக்கு புரியாதவர்கள் இடைவேளையில் என்னைக் கேட்கலாம்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்